இரண்டாவது மீன் துண்டு

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் செலின் நடத்திய இடத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதே முதலில் பெரிய வழக்காக இருந்தது. ஹோட்டல் என்று போர்டு மாட்டினால் மசால் தோசை உண்டா என்று கேட்டு ஆள் வந்தது. லாட்ஜ் என்று மாட்டினால் வேறு எதையோ கேட்டு வந்தது. கடைசியில் செத்துப்போன கணவன் பெயரைப் போட்டு, 'செபாஸ்டியன் இல்லம், தங்கும் அறைகள், வீட்டுச் சாப்பாடு' என்று எழுதிவைத்தாள். அதற்கப்புறமும் இரண்டு பேர் இது முதியோர் இல்லமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். இன்னொரு தடவை பெயின்டருக்குக் காசு அழ அவள் தயாராக இல்லை.

மாடியில் நாலு அறை, கீழே இரண்டு. ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறத்தில் திரை, அவளே மெஷினில் தைத்தது. கோர்ட்டு வாய்தாவுக்கு வருகிறவர்கள், ஆவடித் தொழிற்சாலைக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆர்டர் பிடிக்க வருகிற கம்பெனி ஆட்கள், திருநின்றவூர்ப் பக்கம் மலிவாக மனை தேடி வந்து புரோக்கரிடம் மாட்டிக்கொண்ட வாத்தியார்கள் என்று எல்லாரும் அங்கேதான் இறங்கினார்கள். ஊருக்குள் இதைவிடப் பெரிய லாட்ஜுகள் இருக்கத்தான் இருந்தன. ஆனால் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால், முகத்தைப் பார்த்துச் சோறு போட அங்கே யார் இருந்தார்கள்?

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. விருந்தாளிக்குச் சாவுச் செய்தி வந்தால், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்வதில்லை.

அப்போது வீட்டுக்கு வீடு போன் கிடையாது. தங்க வருகிறவர்கள் தங்கள் ஊரில் செலினுடைய நம்பரைக் கொடுத்துவிட்டு வருவார்கள். நல்லதோ கெட்டதோ, முன்னறையில் இருந்த கறுப்பு டெலிபோன் வழியாக முதலில் அவள் காதில்தான் விழும். தந்தி வந்தாலும் அவள் கைக்குத்தான் வரும். குழந்தை பிறந்தது, பையன் பாஸானான், சம்பந்தம் கூடிவந்தது என்றால் பாத்ரூம் கதவைத் தட்டிக்கூடச் சொல்லிவிடுவாள். சாவு என்றால் மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போவாள்.

காரணம் இல்லாமல் இல்லை. செபாஸ்டியன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அன்று தவக்காலத்து வெள்ளி. செலின் ஒருசந்தி இருந்தாள், பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கம்பெனி வேனில் வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொல்லிவிட்டார்கள். பம்பாயிலிருந்து கொழுந்தன் எட்மண்ட் வந்து சேரட்டும் என்று உடலை ஐஸில் வைத்து இரண்டு நாள் காத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் யாரோ கொடுத்த சோடாதான் அவளுக்கு ஆகாரம். அடக்கத்தன்று கோயில் வாசலில் மயங்கி விழுந்தாள். கண் விழித்தபோது பெட்டியை மூடி, இறக்கி, மண்ணும் தள்ளியாகிவிட்டது. கட்டினவன் முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்கவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் வயிற்றின் மேல்தான் கோபம் வரும்.

அதனால்தான் அந்த வழக்கம். கும்பகோணத்திலிருந்து பேரிங் விற்க வருகிற உலகநாதனுக்கு அப்பா தவறிப்போனதாகத் தந்தி வந்தபோது, இட்லி வைத்து, சட்னி ஊற்றி, இன்னொரு ஈடு வேகவைத்து அதையும் வைத்து, காபி குடிக்கவிட்டு, அப்புறம்தான் தந்தியை எடுத்து நீட்டினாள். காரியமெல்லாம் முடிந்து மறுபடி வந்த உலகநாதன், "அக்கா, அன்னிக்கி அந்த இட்லி இல்லேன்னா நான் சுடுகாடு வரைக்கும் நடந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிக் கண்கலங்கினார். அதோடு விட்டாரா? ரயிலில், கம்பெனி வாசலில், டீக்கடையில் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். செலினுக்கு உச்சி குளிர்ந்தது. மறைப்பானேன், புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்?

புகழ்ந்த வாயே கேலியும் செய்தது. செலின் வீட்டில் ஆளுக்கு ஒரு துண்டு மீன், அதில் தாட்சண்யம் கிடையாது. 'அக்கா தானா வந்து ரெண்டாவது துண்டு வெச்சா, பேசாம ஊருக்குப் போகத் துணிய மடிச்சி வெச்சிக்க' என்று சாப்பாட்டு மேஜையில் ஒரு பேச்சு உலவியது. அதை முதலில் கட்டிவிட்டவன் ஜாபர் அலி.

ஜாபர் அலி மேல்விஷாரத்துக்காரன். வெல்டிங் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்கிற தோல் கையுறை வியாபாரம். மாதம் தவறாமல் வந்து, ஆவடியிலும் அம்பத்தூரிலும் அலைந்து ஆர்டர் பிடித்துக்கொண்டு போவான். நாற்பதாக இன்னும் சில வருஷம் இருந்தது, வாய் ஓயாது. வெளியில் கறி சாப்பிட மாட்டான், அவர்கள் முறைப்படி அறுத்ததாக இருக்க வேண்டும். அவன் வாய் திறந்து கேட்காமலே அது செலினுக்குத் தெரிந்து, அவன் வருகிற நாளில் மீன் வாங்கிவிடுவாள். "எங்கம்மாவுக்கு அடுத்தபடி உங்க கைதான்க்கா" என்பான். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மாவுக்கு அவன் ஒருத்தன்தான் ஆண்பிள்ளை, அவனுக்குக் கீழே ஒரு தங்கை. ஊரில் மனைவியும் ஒரு குழந்தையும் இருந்தார்கள்.

அந்தப் புதன்கிழமை அவன் விடியற்காலையிலேயே கிளம்பி ஆவடிக்குப் போய், கம்பெனி அதிகாரியைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுகிற நேரத்தில் திரும்பி வந்தான். மாடியில் அவன் குளிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது டெலிபோன் மணி அடித்தது.

"செபாஸ்டியன் இல்லங்களா? மேல்விஷாரத்திலேர்ந்து நிஜாமுதீன் பேசறேன். ஜாபர் அலியோட தங்கச்சி புருஷன்."

"சொல்லுங்க. அவரு குளிச்சிட்டிருக்காரே."

"அவங்கம்மா மௌத்தாயிட்டாங்கம்மா. காலைல உயிர் போயிடிச்சு. அவர உடனே பொறப்படச் சொல்லுங்க, தாமசம் வேணாம். நான் கடை போன்ல நிக்கறேன், இன்னும் நெறைய பேருக்குச் சொல்லணும்."

"ஐயோ ஆண்டவரே. நான் பாத்துக்கறேன் தம்பி, நீங்க வைங்க" என்றாள் செலின்.

போனை வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சமையலுக்கு இருந்த வேம்புலியம்மாள் அவள் முகத்தைப் பார்த்ததும் அரிவாள்மனையை நகர்த்தி வைத்தாள்.

"இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாரியா கீது?"

"ஜாபரோட அம்மா போயிட்டாங்களாம்."

"அட பாவமே. அந்தப் புள்ள எதுனா துண்ணுச்சா?"

"காலைல டீயோட போச்சு."

"அப்ப வாயத் தொறக்காத. வெறும் வயித்துல கேட்டா ஈரக்கொலையே ஆடிப்பூடும். உலைய வெச்சிக்கிறேன், மீனுதான் இன்னும் வாங்கல."

"போய் வஞ்சிரமாப் பாத்து வாங்கிட்டு வா. அவனுக்கு இனிமே எத்தனை நாளைக்குச் சோறு எறங்கப் போகுதோ."

உடனே பொறப்படச் சொல்லு என்று நிஜாமுதீன் சொன்னது அவள் காதில் நன்றாகத்தான் விழுந்தது. சாவுச் செய்தி சொல்கிற யார்தான் உடனே என்று சொல்லாமல் இருக்கிறார்கள்? பெற்ற பிள்ளை வராமல் தாயை எடுத்துவிடுவார்களா? கொள்ளி வைக்க மகன் வராமல் பாடை நகர்ந்ததை அவள் பார்த்ததில்லை. தன் வீட்டிலேயே பம்பாய்க்காரனுக்காக இரண்டு நாள் ஐஸ் கட்டி உருகியது. எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்பது நிஜாமுதீனுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாகப் படவில்லை. செலினுக்கு அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் அவள் பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளிவாசல் பாங்கைக் கேட்டு உலை வைத்தவள், ரம்ஜானுக்கு எத்தனையோ வீட்டுப் பிரியாணி சாப்பிட்டவள். அந்த வீடுகளில் சாவு விழுந்தால் மறுநாள் ரொட்டியும் பாலும் எடுத்துக்கொண்டு போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வருவாள். எப்போது எடுத்தார்கள், ஏன் அவ்வளவு சீக்கிரம் எடுத்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரே தெருவில் ஒரு ஆயுள் இருந்தும் இவ்வளவுதான் தெரிந்திருந்தது.

ஜாபர் அலி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே இறங்கி வந்தான். "அக்கா, உயிர் போகுது பசியில. சாப்பாடு ஆச்சா?"

"மீன் வருதுப்பா. கொஞ்சம் பொறு" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப கொஞ்சம் தலைய சாய்க்கறேன். ஆனதும் எழுப்புங்க." மேலே போய்விட்டான்.

வேம்புலியம்மாள் மார்க்கெட்டிலிருந்து வரத் தாமதமாயிற்று. வந்ததும் மீனைக் கழுவி, மசாலா தடவி, ஊறவைத்தார்கள். இடையில் ஒருமுறை செலின் மாடிக்குப் போய் அறை வாசலில் நின்றாள். நீலத் திரைக்கு உள்ளே அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். நிம்மதியாகத் தூங்குகிற கடைசித் தூக்கம், தூங்கட்டும் என்று இறங்கி வந்துவிட்டாள். அவள் மனதில் கல்மிஷம் கிடையாது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தப் படியை இறங்கும்போது, உலகநாதன் சொன்ன மாதிரி இவனும் ஒரு நாள் வந்து சொல்வான் என்ற நினைப்பும் அவளுக்குள் ஒரு ஓரத்தில் இருந்தது.

அவன் எழுந்து வந்து மேஜையில் உட்கார்ந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துப் போயிருந்தார்கள். செலினே பரிமாறினாள். அவன் ஆற அமரச் சாப்பிடுகிறவன். ஒரு வாய்க்கு ஒரு பேச்சு.

"அடுத்த மாசம் அம்மாவ எக்மோர் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரேன்க்கா. பொரை முத்திடுச்சின்னு சொல்லிட்டாங்க. கீழ் ரூமா குடுங்க, அவங்களால படியேற முடியாது."

"குடுக்கறேன்பா."

"உங்க மீன் கொழம்பப் பத்திச் சொல்லிச் சொல்லி, அவங்களுக்கு உங்க மேல பொறாமை. 'யாருடா அவ, என்ன விட நல்லா வெக்கிறவ, நான் வந்து பாக்கறேன்' அப்படின்னாங்க." சிரித்தான். சிரிக்கும்போது சோறு புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே, "பாருங்க, நெனைக்கறாங்க" என்றான்.

செலினுக்குச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. பாதிச் சோற்றில் சொல்வது எல்லாவற்றையும்விடக் கொடுமை என்று விழுங்கிக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாத கை, வாணலியிலிருந்து இன்னொரு வஞ்சிரத் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தது.

ஜாபர் அலி கையை நிறுத்தினான். தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அப்புறம் அவன் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. "என்னக்கா இது, ரெண்டாவது துண்டு? எங்க வீட்ல எதுனா சேதியா?"

"இல்லப்பா. ஒண்ணுமில்ல. சாப்பிடு."

"அப்ப சரி" என்று முள்ளை நீக்க ஆரம்பித்தான்.

அவன் கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பினபோது அவள் எதிரே நின்றாள். சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கே பிறகு ஞாபகம் இல்லை. அவன் அலறவில்லை. ஈரத் துண்டைக் கையில் பிடித்தபடி, "எப்ப போன் வந்துச்சு?" என்று கேட்டான்.

"நீ குளிச்சிட்டிருந்தப்போ."

அவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு மணி தாண்டியிருந்தது. "சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் எடுத்துருவாங்களேக்கா" என்றான், சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்கிற குரலில்.

"நீ ஒருத்தன்தானே மகன். நீ வராம எப்படிப்பா எடுப்பாங்க?"

"எங்கள்ல வெச்சிக்க மாட்டாங்கக்கா. நேரத்தோட மண்ணுல சேத்துடணும்." அப்புறம்தான் அவன் குரல் உடைந்தது. "நான் பஸ் ஏறியிருப்பேனே. காலைலயே ஏறியிருந்தா, தொழுகைக்கு முந்தியே போயிருப்பேனே."

செலின் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடி, வாடகைக்கார் ஓட்டுகிற துலுக்கானத்தின் அம்பாசிடரைக் கையோடு கூட்டிவந்தாள். அவன் ஏறினான். அவளும் ஏறினாள். எதற்கு ஏறுகிறாள் என்று அவனும் கேட்கவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி சாலை இரண்டு பக்கமும் புளியமரம். மரத்து நிழல் மெல்ல மெல்ல ரோட்டின் குறுக்கே நீண்டுகொண்டிருந்தது. ஜாபர் அலி அந்த நிழலையே பார்த்துக்கொண்டு வந்தான். அந்தத் தொழுகைக்கு நிழலின் நீளம்தான் கடிகாரம் என்று அப்போதுதான் செலினுக்குப் புரிந்தது.

"இன்னும் கொஞ்சம் வெரட்டுப்பா" என்றாள் துலுக்கானத்திடம்.

"இத்துக்கு மேல மிதிச்சா வண்டி கயண்டுக்கும்க்கா" என்றான் துலுக்கானம். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மிதிக்கவும் செய்தான்.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரை ஓரமாக வண்டி போய்க்கொண்டிருந்தபோது ஜாபர் அலி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். சாப்பிட்டது அத்தனையும் வெளியே வந்தது. சோறு, குழம்பு, முள் நீக்கித் தின்ற இரண்டு துண்டு மீன், எல்லாம் ரோட்டோரம் போயிற்று. செலின் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாயைக் கொப்பளித்துத் துப்பினான், ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை. எந்தச் சோற்றுக்காக அவனைப் பிடித்து வைத்திருந்தாளோ, அந்தச் சோறும் அவன் உடம்பில் ஒட்டவில்லை.

"அம்மாவ குழியில எறக்கறதுக்குப் புள்ளைன்னு நான் ஒருத்தன்தான்க்கா" என்றான், வெளியே பார்த்தபடி. "மத்தவங்க தொடக் கூடாது. பெத்த புள்ள, கூடப் பொறந்தவங்க, அவ்ளோதான்."

ராணிப்பேட்டையில் பாலாற்றுப் பாலத்தின் மேல் லாரி வரிசை கட்டி நின்றது. ஏதோ ஒரு லாரி அச்சு முறிந்து கிடந்ததாம். செலின் ஜெபமாலையை எடுத்தாள், ஒரு மணி கூட உருளவில்லை. யாரிடம் என்ன கேட்பது? நேரத்தை நிறுத்து என்று கேட்டால், நிறுத்தி வைத்ததே நீதானே என்று ஆண்டவர் கேட்க மாட்டாரா?

மேல்விஷாரத்தில் அவன் தெருவுக்குள் வண்டி திரும்பும்போது எதிரே ஆண்கள் கூட்டமாக நடந்து வந்தார்கள். எல்லார் தலையிலும் தொப்பி. முன்னால் நாலு பேர் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பிணத்தைச் சுமந்துபோகிற மரப்பெட்டி. தோளில் வைக்காமல் கையால் தூக்கிவந்தார்கள். அது காலியாக இருந்தது.

ஜாபர் அலி வண்டி நிற்கும் முன்பே இறங்கினான். கூட்டத்திலிருந்து ஒருவன் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டான். அவன்தான் நிஜாமுதீன். "எங்க மச்சான் போயிட்டே? காலைலயே போன் பண்ணனே. தொழுகை முடிஞ்சும் தெருமுனைய பாத்துக்கிட்டு நின்னோம். பெரியவங்க இதுக்கு மேல கூடாதுன்னுட்டாங்க. உன் எடத்துல அம்மாகூடப் பொறந்த உங்க மாமாதான் எறங்குனாரு, அந்த வயசுல."

செலின் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது அவன் கையை நீட்டித் தன்னைக் காட்டப் போகிறான், காட்டட்டும் என்று நின்றாள். காட்டினால் நல்லது என்றுகூட அவளுக்கு இருந்தது.

"நான் ஆவடியில மாட்டிக்கினேன்" என்றான் ஜாபர் அலி. "வந்ததும் சொன்னாங்க. ஒடனே வண்டி புடிச்சு, அவங்களே கூட்டிட்டு வந்தாங்க."

வீட்டுக்குள் பெண்கள் அவளை உட்காரவைத்தார்கள். அவன் தங்கை அஷ்ரஃபுன்னிசா அழுது வீங்கின முகத்தோடு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்ளோ தூரம் நீங்களே வந்தீங்களா? அல்லா உங்களுக்கு நல்லது செய்வான். வந்த பசி எப்படி இருக்கும், ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த சோற்றைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். செலின் சாப்பிட்டாள். மறுக்க அவளுக்கு வாய் ஏது? அவள் தட்டு காலியாகும்வரை அஷ்ரஃபுன்னிசா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த பிறகு ஜாபர் அலி திரும்ப வந்தான். வர மாட்டான் என்றுதான் செலின் நினைத்திருந்தாள். மாலைப் பஸ்ஸில் வந்து இறங்கி, எப்போதும் போல மாடி அறையைக் கேட்டு, சாவியை வாங்கிக்கொண்டான். தாடி வளர்ந்திருந்தது. அந்த ஓயாத வாய் மட்டும் ஓய்ந்திருந்தது. அவனைக் கண்டதும் அவள் எத்தனையோ சொல்ல நினைத்து, "நல்லா இருக்கியாப்பா?" என்று மட்டும் கேட்டாள். "இருக்கேன்க்கா" என்றான்.

மறுநாள் மதியம் மேஜையில் அவனோடு உலகநாதனும் இருந்தார். செலின் காலையிலேயே தானே மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்திருந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் இரவெல்லாம் சொல்லிப் பார்த்தாள், அது நாக்கில் நிற்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். வேம்புலியம்மாள் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு தானே போனாள். ஜாபர் அலி தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மனசு நிறைந்த பிரியத்தோடு, இருப்பதிலேயே நடுத்துண்டாகப் பார்த்து, அவன் தட்டில் இரண்டாவதாக ஒன்றை வைத்தாள்.

அவன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"யாருக்கா?" என்றான்.

"என்னப்பா?"

"யாருன்னு சொல்லுங்க. கொழந்தையா?"

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. "யாருமில்லப்பா. ஒண்ணுமில்ல. ஆசையா வெச்சேன், சாப்பிடு."

"அன்னிக்கும் இதயேதானேக்கா சொன்னீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் கெஞ்சுகிற மாதிரி சொன்னான். சொல்லிவிட்டு எழுந்து, எச்சில் கையோடு முன்னறைக்குப் போனான். இடது கையால் டெலிபோனைச் சுற்றி, எக்ஸ்சேஞ்சில் மேல்விஷாரத்துக் கடை நம்பரைச் சொன்னான். "லைட்னிங் கால்னு போடுங்க, அவசரம்" என்றான். போனை வைத்துவிட்டு, லைன் கிடைத்து எக்ஸ்சேஞ்ச் திரும்பக் கூப்பிடட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தான். மணி அடிக்கவில்லை. அவன் வலது கையில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. மேஜையில் உலகநாதன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, தன் தட்டைக் குனிந்து பார்த்தார். அதில் ஒரு துண்டுதான் இருந்தது. இருந்தும் அவர் அதைத் தொடவில்லை.

செலின் சமையலறை வாசலில் நின்றாள். அவன் வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்க வேண்டும் ஆண்டவரே என்று அவளும் பயந்துபோய்க் கேட்டுக்கொண்டாள். தான் ஒன்றும் மறைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கணத்தில் அவளுக்கே அது நிச்சயமாக இல்லை.

மணி அடித்தது. "ஃபக்ருன்னிசாவ கூப்புடுங்க" என்றான். அது அவன் மனைவி. அவள் கடைக்கு வந்து சேரும்வரை ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தான். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா? ... கொழந்தை? ... பக்கத்துல இருக்கா, சரி. ... ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன். வெச்சிடு."

திரும்பி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான். "நல்லா இருக்காங்களாம்" என்றான். அவளைச் சமாதானப்படுத்தத்தான் என்று தெரிந்தது, மீனில் கொஞ்சம் பிய்த்து வாயில் வைத்தான். மென்றான், மென்றுகொண்டே இருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்றான் கடைசியில். "எறங்க மாட்டேங்குது."

அன்றைக்குப் பிறகு செபாஸ்டியன் இல்லத்தில் செலின் பரிமாறவில்லை. வேம்புலியம்மாள்தான் ஆளுக்கு ஒரு துண்டு வைத்துவிட்டு வருவாள். செய்தி எது வந்தாலும் வந்த உடனே, பாத்ரூம் கதவைத் தட்டியானாலும், செலின் சொல்லிவிடுவாள். விருந்தாளிகள் வந்தார்கள், போனார்கள். ஜாபர் அலியும் மாதா மாதம் வந்தான். சாப்பாட்டு நேரத்தில் அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, யாராவது இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்கிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பாள். யாரும் கேட்பதில்லை.